அடைக்கோழியும் குஞ்சுகளும்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளில் ஊர்க்கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளவில் நாலைந்து ஊர்க்கோழி வைத்திருக்கும் வீடுகளை மனத்திற்கொண்டே இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. "பத்து முட்டை வைத்தோம், எட்டுப் பொரித்தது, இப்போது மூன்றுதான் மிச்சம்" என்பதே வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலும் மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அதிகம் காதில் விழும் முறைப்பாடாகும். அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இழப்பு எங்கே நேர்ந்தது என்பது புரியும்: அடை கிடக்கும் வேலையைக் கோழி குறைவின்றிச் செய்து முடித்திருக்கிறது, குஞ்சு இறங்கியபின் வந்த மூன்று, நான்கு வாரங்களில்தான் ஐந்து குஞ்சுகள் போயிருக்கின்றன. ஆகவே முட்டை வைப்பதற்கு முந்திய ஆயத்தத்துக்கும், குஞ்சு இறங்கியபின் உள்ள காவலுக்கும் இங்கே கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

கோழி உண்மையாகவே அடைக்கு வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

முட்டையிட்ட பின்னும் கூட்டை விட்டு இறங்காமல் கிடப்பது, கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறுவது, வெளியே வந்தால் தாழ்ந்த குரலில் விட்டுவிட்டுக் கொக்கரித்தபடி திரிவது, வயிற்றடி இறகு உதிர்ந்து தோல் தெரிவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் பகலில் கிடப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரவில் மற்றக் கோழிகளோடு மரத்திலோ கொப்பிலோ ஏறாமல் கூட்டிலேயே தங்குகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தங்கும்வரை, அடைக்கு உதவாத முட்டை ஒன்றிரண்டை அடியில் விட்டுவைத்து, நல்ல முட்டைகளை வெளியே பத்திரப்படுத்துங்கள். முதன்முறை அடைக்கு வரும் இளம் பேடுகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம் தேவை; அவற்றிற் சில நடுவழியில் எழுந்து போய்விடும்.

பண்ணைகளில் முட்டைக்கென வளர்க்கப்படும் கலப்பினக் கோழிகளில் அடை கிடக்கும் குணம் பல தலைமுறைத் தெரிவினாற் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டுவிட்டது. அவற்றை வாங்கி வந்து அடைக்குக் காத்திருப்பதிற் பயனில்லை.

எந்தக் காலத்தில் அடை வைப்பது நல்லது?

கோழி எப்போது அடைக்கு வருகிறதோ அப்போது வைத்துவிடுவதுதான் வழக்கம். ஆயினும் நமது பகுதியைப் பொறுத்தவரை, குஞ்சு இறங்கும் காலத்தை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து மூன்று கிழமை பின்னோக்கி எண்ணுவதே அறிவுடைமை என்பது எனது கருத்து. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு கார்த்திகையிலிருந்து தை வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் இறங்கும் குஞ்சுகள் ஈரத்திலும் குளிரிலும் நின்று விறைத்துச் சாகின்றன. நிலம் காயாதிருப்பதால் கழிச்சல் நோயும் சேர்ந்துகொள்கிறது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமை விட்டு முட்டை வைத்தால் மாசி பிறக்கும்போது குஞ்சு இறங்கும். மழை ஓய்ந்துவரும் காலம் அது; பெரும்போக அறுவடையும் நடப்பதால் களத்திற் சிந்திய நெல்லும், வைக்கோற் போரடியிற் கிளறினால் அகப்படும் பூச்சி புழுவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனி முதல் ஆவணி வரையான, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்திலும் வைக்கலாம். ஆனால் அப்போது வெக்கை அதிகமாகவும் காற்று வறண்டும் இருப்பதால், கூட்டை நிழலில் வைத்து, அதன் அடியிலுள்ள மணலை அவ்வப்போது நனைத்துவிட வேண்டும். புரட்டாசியின் பிற்பகுதியில் அடைக்கு வரும் கோழியைப் பெரும்பாலும் நான் கலைத்துவிடவே சொல்வேன். ஏனெனில் அதன் குஞ்சுகள் இறகு முளைத்து முடியுமுன் மாரி பிடித்துக்கொள்ளும்.

எந்த முட்டைகளைத் தெரிவு செய்ய வேண்டும்?

சேவலோடு திரியும் கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். எட்டு முதல் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். நடுத்தரப் பருமனும், வெடிப்பில்லாத ஓடும், இயல்பான வடிவமும் உள்ளவற்றை எடுங்கள். மிகப் பெரிதும் மிகச் சிறிதும், உருண்டையானதும் கறிக்கு ஆகட்டும். எச்சம் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடைக்கலாம், தண்ணீரிற் கழுவக்கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் கழுவும்போது போய்விடுவதால், கிருமி நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கும்.

முட்டையின் வயதுதான் நமது வெப்பத்தில் அதிகம் கவனிக்கப்படாத விடயம். முட்டைக்குள் இருக்கும் கரு ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்கு மேல் மெல்ல வளரத் தொடங்கும். கோடை நண்பகலில் 32 பாகையைத் தாண்டும் வீட்டில் திறந்து வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து, இரவிற் சற்று அடங்கி, மறுபடி வளர்ந்து, பலமிழந்து, கோழியின் அடிக்குப் போகுமுன்பே செத்துவிடுகிறது. பின்னர் அதைக் கூழ்முட்டை என்று எறிந்துவிட்டுச் சேவலைக் குறை சொல்கிறோம். குளிர்ந்த நாடுகளில் பத்து நாள் வரை வைத்திருந்த முட்டையும் பொரிக்கும். இங்கே ஐந்து, ஆறு நாட்களுக்கு மேற்படாதவற்றை மட்டும் எடுப்பது நல்லது. இட்ட அன்றே எடுத்து, குடிநீர்ப் பானை வைத்திருக்கும் ஈரமணலுக்கு அருகே, மண்சட்டியில் உமி பரப்பிக் கூர்முனை கீழாக அடுக்கி, சட்டியை ஈரத்துணியால் மூடிவைத்தால் வேண்டிய குளிர்ச்சி கிடைக்கும். துணி முட்டையிற் படக்கூடாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முட்டையை அடை வைக்கலாமா?

தவிர்த்துவிடுங்கள். அதன் 4, 5 பாகைக் குளிர் கருவுக்கு மிக அதிகம். ஒன்றிரண்டு பொரித்ததாகச் சொல்வோர் உண்டு. பொரிக்காதவற்றின் தொகையை அவர்கள் சொல்வதில்லை.

எத்தனை முட்டை வைக்கலாம்?

கோழியின் உடல் முழுவதுமாக மூடக்கூடிய தொகையே சரியான தொகை. நமது ஊர்க்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு அளவானது. சிறிய உடம்புள்ள பேட்டுக்கு எட்டுப் போதும். ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதிற் தீமை ஏதுமில்லை. ஆனால் அந்த ஒற்றைக்காகப் பதினைந்து வைத்தால், விளிம்பிலுள்ள முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே பழுதாகும். எல்லா முட்டைகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலாற் கோடு போட்டுவிடுவது மிகவும் பயனுள்ள பழக்கம். வேறு கோழி வந்து அதே கூட்டில் முட்டையிட்டுப் போவது சாதாரணமாக நடப்பதால், கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிட இது உதவும்.

கூட்டை எங்கே, எப்படி அமைப்பது?

பழைய கடகம், அகன்ற மண்சட்டி, மரப்பெட்டி எதுவும் பொருந்தும். அடியில் மூன்று விரற்கடை மணல் போட்டு நடுவைச் சற்றுக் குழித்து, அதன்மேல் உலர்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். மணற் குழிவு முட்டைகளை நடுவில் சேர்த்து வைப்பதால் அவை உருண்டு ஓரத்துக்குப் போகமாட்டா. நெல் மணி ஒட்டியிருக்கும் வைக்கோல் வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். இடம் நிழலாகவும், ஓரளவு இருட்டாகவும், மற்றக் கோழிகள் நுழையாததாகவும் இருக்க வேண்டும். வெள்ளம் ஏறும் தாழ்ந்த வளவுகளில் கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதில் அலட்சியம் கூடாது.

கோழி தானாகத் தெரிந்துகொண்ட இடம் பொருத்தமற்றதாயின், நன்றாக இருட்டியபின் தூக்கிச் சென்று புதிய கூட்டில் இருத்துங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பழைய வைக்கோலின் மேலேயே மறுபடி வைப்பதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. சென்றமுறை விட்டுப்போன செள் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். நல்ல கோழியே முட்டையை விட்டு எழுந்து ஓடுகிறதென்றால், முதலிற் கூட்டைச் சோதியுங்கள். வைக்கோலை எரித்து, கடகத்தைக் கடும் வெயிலிற் காயவைத்து, அடியில் வேப்பிலை போட்டு, கோழி குளிப்பதற்குச் சாம்பல் கலந்த மணலை அருகே ஒரு மூலையிற் குவித்துவிட்டால் பெரும்பாலும் போதும்.

இடி முழக்கத்தால் முட்டை கெடாதிருக்கக் கூட்டில் இரும்புத் துண்டும் கரியும் வைப்பது பலன் தருமா?

இடியோசையால் முட்டை கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இடியோடு வரும் மழையிற் கூடு நனைவதும், கோழி வெருண்டு எழுந்து நெடுநேரம் வெளியே நிற்பதுமே முட்டையைக் கெடுக்கின்றன. இரும்பை வைப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். கூரை ஒழுகாதிருப்பதை மட்டும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடை கிடக்கும் கோழிக்கு என்ன உணவு தருவது? அது எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடாதா?

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை, பதினைந்து இருபது நிமிடம் எழுந்து, தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டு, மணலிற் குளித்துவிட்டுத் திரும்பும். நமது வெப்பத்தில் அரைமணி நேரம் ஆனாலும் பழுதில்லை. நெல், உடைத்த சோளம் போன்ற தானியமே இக்காலத்துக்கு ஏற்றது. எச்சம் இறுகியிருப்பதாற் கூடும் அழுக்காகாது. உணவையும் நீரையும் கூட்டிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள். கூட்டை விட்டு எழாமலே கிடக்கும் கோழியை, முட்டை எதுவும் சிறகிடுக்கில் அகப்படவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, நாளுக்கொருமுறை மெல்லத் தூக்கி வெளியே விட வேண்டும். எவ்வளவு ஊட்டினாலும் இந்த மூன்று கிழமையில் அது மெலியும், அது நோயல்ல.

கூழ்முட்டையை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

ஏழாம் நாள் இரவில் முட்டையின் அகன்ற முனையில் ரோச் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திவலை போல் விரிந்த செந்நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடிருக்கிறது. எதுவுமின்றித் தெளிவாகத் தெரிவது கருவில்லாத முட்டை. நரம்பின்றிச் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. பதினான்காம் நாள் இன்னொருமுறை பார்க்கலாம். பழுதானவற்றை எடுத்துவிடுவது அவசியம், ஏனெனில் அழுகிய முட்டை கூட்டுக்குள் வெடித்தால் மற்றவையும் கெடும். பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டைகளைத் தொடவே வேண்டாம். பொரிக்கும் தறுவாயில் வெந்நீரில் மிதக்கவிட்டு அசைவு பார்க்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் உள்ளே நீர் புகுந்து குஞ்சு மூச்சடைத்துச் சாகும்.

ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளியே வரத் தாமதித்தால் உரித்து விடலாமா?

கூடாது. 20ஆம், 21ஆம் நாளிற் குஞ்சு ஓட்டில் முதல் துளை போட்டபின் முழுதாக வெளியேற அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை செல்லும். அந்த நேரத்தில் அது மஞ்சட் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், ஓட்டின் உட்தோலிலுள்ள இரத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டும் இருக்கிறது. இடையில் உரித்தால் இரத்தம் கசிந்து இறந்துபோகும். உள்ளிழுத்த மஞ்சட் கரு இரண்டு நாட்களுக்கு மேலாகவும் அதற்கு உணவாக இருப்பதால், முதலிற் பொரித்த குஞ்சு பசியாற் சாகும் என்று பயந்து தாயை எழுப்ப வேண்டியதில்லை. 22ஆம் நாள் முடிந்தும் அசைவற்றிருக்கும் முட்டைகளை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

முதல் நாட்களிற் குஞ்சுக்கு என்ன கொடுப்பது?

முதலில் தண்ணீர். சிரட்டையில் வைப்பவர்கள் அதனுள் சில கூழாங்கற்களைப் போட்டு வைத்தாற் குஞ்சு விழுந்து மூழ்காது. பின்னர் கடைகளில் விற்கும் குஞ்சுத் தீவனம் சிறந்தது. அதில் 20 வீதமளவு புரதம் இருக்கும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தை ஒருபோதும் குஞ்சுக்குப் போடக்கூடாது. அதிலுள்ள 3.5 முதல் 4 வீதச் சுண்ணாம்புச் சத்துக் குஞ்சின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். வாங்க வசதியில்லாத வீட்டில் குறுணலும் தவிடும் மட்டுமே போடுவதாற் குஞ்சுகள் வளராமல் சோர்ந்து நிற்கின்றன. அவித்த முட்டையை மசித்து முதற் கிழமை சிறிது சேர்ப்பதும், படுவான்கரைப் பக்கத்தில் எளிதாக அகப்படும் கறையான் புற்றின் ஒரு துண்டை உடைத்துப் போடுவதும் அந்தப் புரதக் குறையை ஈடுசெய்யும். கரையோரத்திற் கருவாட்டுத் தூள் போடுவோர் உப்பைக் கவனிக்க வேண்டும். நன்றாகக் கழுவி உலர்த்தாத கருவாடு குஞ்சைக் கொல்லும்.

தாய் முந்திக்கொண்டு தின்றுவிடாதிருக்க, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளியுள்ள கரப்பின் (கவிழ்த்து வைக்கும் கூடைக் கூட்டின்) உள்ளே தீவனத்தை வையுங்கள்.

பருந்து, காகம், கீரியிடமிருந்து எப்படிக் காப்பது?

குஞ்சுகள் குறைவதற்கு முதற் காரணம் இதுதான், நோய் இரண்டாவது. காலையிற் குஞ்சோடு தாயை வளவிற் திறந்துவிட்டு, மாலையில் எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையே மாற்ற வேண்டும் என்பேன். முதல் மூன்று கிழமைக்குத் தாயைக் கரப்பின் அடியிலோ, அடைத்த சிறு முற்றத்திலோ வைத்திருந்தால், குஞ்சுகள் கம்பியிடுக்கால் வெளியே போனாலும் தாயின் குரல் கேட்கும் தூரத்தை விட்டு அகலமாட்டா. இழப்பு இந்த ஒரு மாற்றத்தாலேயே பெருமளவு குறையும்.

மேலிருந்து வருபவை பருந்து, வல்லூறு, காகம், செண்பகம். மீனவர் கழித்துவிடும் பழைய வலை கல்லடி, திருக்கோவில், பொத்துவில் போன்ற கரையூர்களில் இலகுவாகக் கிடைக்கும். அதை முற்றத்தின் மேலே இழுத்துக் கட்டினால் நான்கும் நெருங்கா. வலையில்லாதோர் பாகற் பந்தலின் அடியில் அடைக்கலாம். கீழிருந்து வருபவை கீரி, பாம்பு, நாய், பூனை, வாவியோர வளவுகளிற் கபரக்கொய்யா எனப்படும் நீர் உடும்பு. இரவில் வருவது மரநாய். இவற்றுக்கு வலை போதாது. சிறு கண்ணுள்ள இரும்புக் கம்பிவலை அடித்த, தரையிலிருந்து உயர்ந்த கூட்டிலேயே தாயையும் குஞ்சுகளையும் இரவு அடைக்க வேண்டும். பெருங்கண்ணுள்ள வலையாற் பாம்பு நுழைந்துவிடும்.

நோய்களில் எவற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டும்? தடுப்பூசி அவசியமா?

இராணிக்கட் எனப்படும் நியூகாசல் நோய் வந்தால் வளவில் ஒரு கோழியும் மிஞ்சாமற் போகலாம். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. கண்ணில் ஒரு துளி விடும் தடுப்பு மருந்தை முதற் கிழமை முடிவிலும், பின்னர் மூன்று நான்கு கிழமையில் மறுபடியும் கொடுப்பது பொதுவான முறை. சரியான நாட்களை உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய அளவில் வருவதும், கலக்கிய பின் ஓரிரு மணித்தியாலத்துள் முடித்துவிட வேண்டியிருப்பதும் பத்துக் குஞ்சு வைத்திருப்பவரைத் தயங்க வைக்கின்றன. அயல் வீடுகள் சேர்ந்து ஒரே நாளிற் போட்டால் இந்தத் தயக்கம் தீரும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தைக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

மூன்று கிழமைக் குஞ்சுகள் இறகு தொங்கி, இரத்தம் கலந்து கழிந்தால் அது ஈரத் தரையில் பெருகும் இரத்தக்கழிச்சல். மருந்து உண்டு, ஆனால் தாமதிக்கக் கூடாது. கூட்டின் உமியை உடனே மாற்றி, மருத்துவரிடம் கேட்டு மருந்தை நீரிற் கலந்து கொடுங்கள். மாரி முடிந்து நுளம்பு பெருகும் நாட்களிற் கண்ணைச் சுற்றியும் சொண்டோரத்திலும் கொப்புளம் வந்தால் அது கோழி அம்மை. அதற்கும் தடுப்பூசி உண்டு. மஞ்சள் நீர் கொடுப்பதிற் தீங்கில்லை, எனினும் அது தடுப்பூசிக்கு ஈடாகாது.

வாங்கிய குஞ்சுகளை அடைக்கோழியோடு சேர்க்க முடியுமா?

முடியும். கோழி குறைந்தது இரண்டு கிழமையாவது அடை கிடந்திருக்க வேண்டும். குஞ்சு ஒன்றிரண்டு நாட்களுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். இருட்டிலே ஒவ்வொன்றாக அடியில் தள்ளிவிட்டு முட்டைகளை எடுத்துவிட வேண்டும். விடியும்போது அருகிலிருந்து பாருங்கள், கொத்தினால் உடனே பிரியுங்கள். இதே வழியில், இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைத்து, பொரித்த குஞ்சுகள் அனைத்தையும் ஒன்றிடம் ஒப்படைத்தால் மற்றது விரைவில் முட்டைக்குத் திரும்பும். கோடையில் நல்ல தாய் பதினைந்து குஞ்சுகளையும் வளர்த்துவிடும்.

வாத்து, வான்கோழி முட்டைகளை வைக்கலாமா?

இரண்டும் 28 நாட்கள். கோழி பொறுத்திருக்கும்; முட்டைத் தொகையைப் பாதியாக்குங்கள், வாத்து முட்டைக்குப் பிற்பகுதியில் இளஞ்சூட்டு நீரைத் தெளியுங்கள். மணிலா வாத்துக்கு 35 நாட்கள் தேவைப்படுவதால் கோழியை அதற்கு வருத்துவது நியாயமல்ல.

அடைகாக்கும் இயந்திரம் வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

ஐம்பது, நூறு என்று விற்பனைக்குப் பொரிப்போருக்கு அது வேண்டும். வளவில் வளர்ப்போருக்கு வேண்டியதில்லை. இயந்திரம் 37.5 பாகையைத் தளராமற் காக்க வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அடைக்கோழிகள் தங்கள் வேலையைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தன. மேலும், இயந்திரம் பொரிக்குமே அன்றி வளர்க்காது. முதற் கிழமை 33 பாகையளவு வெப்பம் தரும் மின்குமிழையும், இரவு விழிப்பையும் நீங்களே தர வேண்டும்.

அடை வேண்டாத கோழியை எப்படிக் கலைப்பது?

மூக்கில் இறகு குத்துவதும், தண்ணீரில் அமுக்கி எடுப்பதும் கொடுமையானவை. அடை கிடக்கத் தூண்டுவது புரோலக்டின் என்னும் ஓமோன். வயிற்றடியின் சூடு அதைத் தக்கவைக்கிறது. ஆகவே கம்பித் தரையுள்ள, அடியாற் காற்றுப் புகும் தொங்கு கூட்டில், வைக்கோல் எதுவுமின்றி, வெளிச்சத்தில், தாராளமான உணவும் நீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் பெரும்பாலானவை மாறிவிடும். அடைக்கு வந்த முதல் நாளிலேயே தொடங்கினால் இன்னும் இலகு. இரண்டு கிழமையளவில் மறுபடி முட்டை எதிர்பார்க்கலாம்.

தாயையும் குஞ்சுகளையும் எப்போது பிரிக்கலாம்?

தானாக விட்டால் தாய் இரண்டு, மூன்று மாதம் குஞ்சோடு திரியும். பிறகு கொத்தி விரட்டத் தொடங்கும். உடம்பில் இறகு மூடியிருந்தால் ஆறு கிழமையில் நாம் பிரிக்கலாம், மழை நாட்களாயின் எட்டுக் கிழமை வரை விடுங்கள். பிரிப்பதென்றாற் தாயை வேறிடத்துக்குக் கொண்டுபோய், குஞ்சுகளை அவை பழகிய கூட்டிலேயே விட வேண்டும். இடமும் தாயும் ஒருசேர மாறினால் அவை தீவனத்தை மறந்து கத்திக்கொண்டிருக்கும். முன்கூட்டிப் பிரித்த தாய் ஆண்டுக்கு ஓர் அடை கூடுதலாகத் தரக்கூடும். அதற்காக மெலிந்த கோழியை அடுத்தடுத்து அடை வைக்காதீர்கள். நெஞ்செலும்பு கையிற் கூராகத் தட்டுப்பட்டால், அந்தமுறை முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை நன்றாகத் தின்னவிடுங்கள்.